மேப் ரூம் வாசலில் ஒரு செருப்புக் கணக்கு

அந்தக் கல்லூரியில் அவளைப் பக்கெட்டம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கும். பதினெட்டு வருடமாக நீல பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குகிறவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் ஒன்றும் இல்லை. "பக்கெட் இல்லாம வந்தா வாட்ச்மேனே என்னை உள்ள விடமாட்டார்" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்வாள். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. காலையில் வேலை தொடங்கும் முன் மாடிப்படி அடியில் நின்று கண்ணை மூடி, "ஆண்டவனே, இன்னிக்கு என்னால யார் மனசும் நோகக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவாள். அப்படிப்பட்டவள், பெற்ற மகளிடமே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் கூனிக் குறுகி நடந்தாள்.

அவள் துடைத்த இடங்களில் பெரியது மூன்றாம் மாடியில் இருந்த மேப் ரூம். பூகோளம் படிக்கிற பிள்ளைகளின் அறை அது. தரை முழுக்க உலகப் படம். எந்தக் காலத்திலோ படித்த பிள்ளைகள் ஒரு விடுமுறை முழுக்க மண்டியிட்டு உட்கார்ந்து பெயிண்டால் வரைந்தது. அதனால் அந்த அறைக்குள் முதல்வரே வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பக்கெட்டம்மாவுக்கு அதைத் துடைக்க ஒரு முறை உண்டு. கடல்களை நன்றாக ஈரத்துணியால் இரண்டு தரம். நாடுகளை ஈரம் பட்டும் படாமல் ஒரே தரம். அழுத்தித் துடைத்தால் பெயிண்ட் உரிந்துவிடும். பசிபிக் பெருங்கடலுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கெட் தண்ணீர் போகும். "இடுப்பு பிடிச்சிருக்கு மேடம், பசிபிக்க நாளைக்கு வெச்சுக்கறேன்" என்று அவள் சொன்னால் துறைத் தலைவி தலையாட்டுவார். அந்த அறையில் அது வேடிக்கைப் பேச்சு அல்ல.

மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளி விட்டதும் அங்கேதான் வந்து உட்காருவாள். கதவோரம் வெள்ளையாக இருந்த தென் துருவம்தான் அவள் இடம். அம்மா கடைசியாகத் துடைக்கிற இடம் அது. வீட்டுப்பாடம் முடிந்ததும் எழுந்து, ஒவ்வொரு நதியாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நடப்பாள். அந்தப் பிள்ளைக்குப் பூகோளம் புத்தி வழியாக ஏறவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறியது.

அவளுக்குப் பதினாறு வயதானபோது துறைத் தலைவி மேடம் ஒரு வேலை கொடுத்தார். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நேரான பக்கமுள்ள ஒரு தகர டப்பாவை வைத்து, தினமும் காலையில் எவ்வளவு மழை விழுந்திருக்கிறது என்று அடிக்கோலால் அளந்து எழுத வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட விடவில்லை. காய்ச்சல் வந்த அன்று அப்பாவை ஏற்றிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு கத்தினாள்: "அப்பா, குனிஞ்சு பாருங்க, மேலேருந்து பார்த்தா தப்பா வரும்!" அப்பா பஸ் டிப்போவில் தினக்கூலிக்கு டயர் மாற்றுகிறவர். "டயருக்குக் காத்து பார்க்கறதுக்குக்கூட என்னை இப்படி யாரும் வெரட்டினதில்ல" என்று முனகிக்கொண்டே குனிந்தார். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைப் பக்கெட்டம்மாதான் மேடத்தின் மேசையில் கொண்டுபோய் வைப்பாள்.

இப்போது மகள் பள்ளி முடித்துவிட்டாள். அதே கல்லூரியில், அதே மூன்றாம் மாடியில், பூகோளப் பட்டப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. கட்டணம்தான் மலையாக நின்றது. கல்விக் கடன் தருவார்கள். அதற்கு நிரந்தர வேலையில் இருக்கிற ஒருவர் கியாரண்டிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் நிரந்தர வேலை பக்கெட்டம்மாவுக்குத்தான். கடன் தொகையை அவள் தன் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தாள். இரண்டரை வருடச் சம்பளம். ஒரு வேளைகூடச் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் இரண்டரை வருடம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஃபார்ம் கொடுக்க வேண்டும். கையில் இன்னும் எட்டு நாள்.

போதாத குறைக்கு அண்ணன் வீட்டார் வந்தார்கள். அண்ணிக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"நர்ஸுக்குப் படிச்சா ஊசி போடுவா. கணக்குப் படிச்சா வட்டி போடுவா. இது படிச்சா என்னம்மா போடுவா?" என்றாள் அண்ணி.

"அத்தை, மேப் போடுவேன்" என்றாள் மகள்.

"போட்டு? வீட்டுக்கு வழி தெரியாதவங்களுக்கு விப்பியா?"

"உலக உருண்டை விக்கற கடை ஒண்ணு வெச்சுக் குடுத்துடலாம், உருட்டிட்டே பொழைச்சுக்கும்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கெட்டம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள், மகள் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கே அவளுக்கு முதல் கூச்சம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அதைக் கவனிக்காத மாதிரி தண்ணீர் கொண்டுவரப் போனாள். மறுநாள் டீக்கடைக்காரர், "பிள்ளை என்ன படிக்கப் போவுது?" என்று கேட்டபோது, "ஏதோ சயின்ஸ்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

இந்தப் படிப்பு சோறு போடுமா போடாதா? யாரைக் கேட்பது? மேடத்தைக் கேட்கலாம். ஆனால் அந்தப் படிப்பாலேயே சாப்பிடுகிற மனுஷியிடம் போய், "உங்க படிப்புல சாப்பாடு கிடைக்குமா?" என்று எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை. அப்போதுதான் அவளுக்குச் செருப்பு நினைவு வந்தது.

பதினெட்டு வருடமாக மேப் ரூம் வாசலில் கிடக்கிற செருப்புகளை வரிசைப்படுத்தி வைப்பவள் அவள்தான். எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, எந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, எல்லாம் அவளுக்குச் செருப்பே சொல்லிவிடும். முகத்துக்குப் பவுடர் பூசலாம், சட்டையை இஸ்திரி போடலாம், தேய்ந்த அடித்தோலை ஒன்றும் செய்ய முடியாது என்பது அவள் கண்ட உண்மை. வருடம் ஒரு சனிக்கிழமை பூகோளத்தின் பழைய மாணவர்கள் மேப் ரூமில் கூடுவார்கள். சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு. அந்தக் கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. இந்த வருடம் தானே கேட்டு அன்றைக்கு வேலைக்கு வந்தாள்.

பேச்சும் சிரிப்பும் உள்ளே கேட்டபோது அவள் வெளியே செருப்பு வரிசை முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "ஆண்டவனே, நான் படிக்காதவ. எனக்குப் புரியற மாதிரி நீயே காட்டு" என்று வேண்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். முப்பத்தொரு ஜோடி. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். குதிகால் தேய்ந்தவை, பசை வைத்து ஒட்டியவை, ஓரம் பிளந்தவை. நல்லதாக எண்ணினால் ஒன்பது ஜோடிதான் தேறியது. அதிலும் ஒன்று பளபளவென்று பழுப்பு நிற ஷூ. முன்பக்கம் திணித்த காகிதத்தைக்கூட எடுக்கவில்லை, அத்தனை புதுசு. கடைசியில் ஒரு ஜோடியைக் கையில் எடுத்தாள். முழுக்கச் சேறு. அடித்தோல் வாயைப் பிளந்திருந்தது. லேஸ் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பேறிய கயிறு. ஒரு லேஸ் வாங்க வக்கில்லாமல் போய்விட்டதா, படித்த பிள்ளைக்கு? பட்டம் வாங்கின பிள்ளைக்கு?

முப்பத்தொன்றில் ஒன்பது. அவள் எழுந்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். ஆண்டவன் காட்டிவிட்டான் என்று நினைத்தாள். கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே எழுதிக்கொண்டு, கீழே ஆண்டவன் பெயரைப் போட்டுவிட்டோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குப் போனால் மகள் ஃபார்மை நிரப்பி, கையெழுத்து இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள்.

"அம்மா, இங்க மட்டும்."

செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"வேணாம் கண்ணு. மேடமே சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இதுல வேல கெடைக்காதாம். உன் பொண்ணுக்கு இது சரிப்படாது, வேற எதாவது சேர்த்துவிடுன்னு சொன்னாங்க."

"மேடமா? எனக்குச் சரிப்படாதுன்னா சொன்னாங்க?"

"ஆமா."

மகள் அழுதிருந்தாலாவது பரவாயில்லை. ஃபார்மை நாலாக மடித்து அலமாரிக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கெட்டம்மா சமையலறைக்குள் போனபோது அடுப்பு மேடையில் அந்தத் தகர டப்பா இருந்தது. கழுவித் துடைத்து, அதில் கரண்டிகளை நிமிர்த்தி வைத்திருந்தாள் மகள்.

திங்கட்கிழமை மழை கொட்டியது. வருடத்தின் முதல் பெரிய மழை. மொட்டை மாடியில் தண்ணீர் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. மகள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மருந்துக் கடையில பில் போட ஆள் கேக்கறாங்களாம்மா, போய்ப் பார்க்கறேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் பக்கெட்டம்மாவுக்குத் தாங்கவில்லை. கணவர் மட்டும் டப்பாவைப் பார்த்துவிட்டு, "என்ன இது, மழை இறங்கி வந்து கரண்டியாயிடுச்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதையோ புரிந்துகொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

புதன்கிழமை மேடம் அவளை நிறுத்தினார். அடர்ந்த நரைமுடியும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக இருக்கிற மனுஷி, பேச்சு குறைவு.

"என்னம்மா, மாசம் முடியப் போகுதே, மழைக் கணக்கு எப்ப வரும்? திங்கக்கிழமை பேஞ்சதுக்கு உங்க பக்கம் எவ்வளவு வந்துதுன்னு பார்க்கணும்னு இருக்கேன்."

"கொண்டாறேன் மேடம்."

"கடன் ஃபார்ம் குடுத்தாச்சா? நாளை மறுநாள் கடைசி."

"குடுத்துட்டோம் மேடம்."

பொய்யா! அவர் முகத்துக்கு நேராகவா! அவர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் வைத்தது போதாதென்று, இப்போது இது வேறு. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டியிருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? மேடம், "நல்லது, ரொம்ப நல்லது" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அவளை ஒரு அறை அறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் மாடிப்படி அடியில் கண்ணை மூடினாள். வழக்கமான வார்த்தை வரவில்லை. யார் மனசும் நோகக் கூடாது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

வியாழக்கிழமை மத்தியானம் மேப் ரூம் வாசலில் அதே சேற்று ஷூ கிடந்தது. அதே கயிறு. உள்ளே யாரோ அலமாரியைத் திறந்து பழைய வரைபடங்களை விரித்துப் பார்க்கிற சத்தம். அவளுக்கு மனசு உருகிவிட்டது. பாவம், வேலை தேடித்தான் மறுபடி வந்திருக்கிறான் போல. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பஸ்ஸுக்கு வைத்திருந்த நோட்டை மடித்து, ஒரு லேஸாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று ஷூவுக்குள் விரலால் தள்ளினாள். மணிக்கட்டு வரை கை ஷூவுக்குள் இருந்தபோது கதவு திறந்தது.

"பக்கெட்டம்மா, என் ஷூவுல என்ன தேடறீங்க?"

அவள் வெடுக்கென்று கையை உருவினால் ஷூவும் சேர்ந்து வந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள், கருத்த முகம், வெறுங்கால். யாரென்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பதினான்கு வருடத்துக்கு முன் தினமும் குடையை மறந்துவிட்டுப் போகிற பிள்ளை.

"தேடல தம்பி. நான் திருடி இல்ல தம்பி."

"அய்யோ, யாரு சொன்னா?" அவன் குனிந்து ஷூவை வாங்கினான். நோட்டு கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இது எனக்கா?"

"கயிறு கட்டியிருந்தியே... லேஸ் வாங்கிக்கட்டும்னு..."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நோட்டை எடுத்து இரண்டு கையாலும் அவள் கையில் வைத்தான். "தண்ணி ஆபீஸ்ல வேல பார்க்கறேன்மா. ஊர் ஊரா போய்க் கிணத்துல தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு அளக்கற வேல. சேத்துல நடந்தா லேஸ் ரெண்டே நாள்ல அறுந்துடும். கயிறு நின்னு பேசும். அதான்."

"அன்னிக்குக் கூட்டத்துல எல்லாரும்..."

"அன்னிக்கா? வருஷா வருஷம் கூட்டத்துக்கு முன்னாடி காலையில ஆத்தங்கரையோட நாலு மணி நேரம் நடப்போம். பழைய மாணவர்னா முதல்ல நடக்கணும், அப்புறம்தான் டீ. வீட்டுல இருக்கறதுலயே கேவலமான ஷூவாப் பார்த்துப் போட்டுட்டு வருவோம். ஏன், நீங்க...?" அவன் செருப்பு வரிசை இருந்த இடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எண்ணினீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மகள், கடன், முப்பத்தொரு ஜோடி. மேடம் பெயரில் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை.

"அப்போ ஒன்பது பேரு நல்லா இருக்காங்கன்னு பார்த்தேனே தம்பி, பழுப்பு ஷூ ஒண்ணு, புத்தம் புதுசு, உள்ள காகிதம்கூட..."

அவன் முகம் மாறியது. "அது நடக்க வராதவங்க ஷூம்மா. அந்தப் பழுப்பு ஷூக்காரன் என்கூடப் படிச்சவன். ஒரு வருஷமா வேல இல்ல. யார்கிட்டயாவது வேல கேக்கலாம்னு வந்தான். ஷூ மச்சானோடது, ரெண்டு சைஸ் பெருசு. காலு ஆடாம இருக்கக் காகிதம் திணிச்சிருந்தான்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். யாருக்காக இரக்கப்பட்டோம், யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்!

"அப்போ நீயே சொல்லு தம்பி. என் பொண்ணு கடன் வாங்கி இதைப் படிக்கலாமா?"

அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவில் காலை நுழைத்தான். "பொய் சொல்ல மாட்டேன்மா. நானும் கடன்லதான் படிச்சேன். மொத ரெண்டு வருஷம் இப்ப நீங்க வாங்கறத விடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. அதுல மூணுல ஒரு பங்கு கடனுக்குப் போயிடும். கல்யாணத்துக்குப் போனா மொய் எழுதப் பயந்துட்டு நெறைய கல்யாணத்துக்குப் போகாம இருந்திருக்கேன். நாலாவது வருஷம் இந்த வேல. அப்புறம்தான் மூச்சு. கட்டி முடிக்க எட்டு வருஷம் ஆச்சு. இப்ப உங்க சம்பளத்துல மூணு மடங்கு வரும். வாடகை வீடுதான்."

"எல்லாருக்கும் அப்படியா?"

"இல்ல. எங்க வகுப்புல இருபத்திரண்டு பேரு. நாலு பேருக்கு இன்னும் கடன் முடியல. அவனும் அதுல ஒருத்தன். பாதிப் பேருக்குப் படிச்ச வேல, பாதிப் பேருக்குக் கெடச்ச வேல." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "உங்க பொண்ணு என்ன சொல்றா?"

"அவகிட்ட..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். மகளிடம் அவள் கேட்கவே இல்லை. முப்பத்தொரு ஜோடி செருப்பைக் கேட்டாள், பெற்ற பிள்ளையைக் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கெட்டம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள்.

"கண்ணு, மேடம் அப்படிச் சொல்லல."

"எப்படி?"

"உனக்குச் சரிப்படாதுன்னு சொல்லல. நான்தான் சொன்னேன். மேடத்துக்குத் தெரியவே தெரியாது. நான் செருப்பப் பார்த்துட்டு வந்தேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான்."

"என்ன செருப்பு?"

சொன்னாள். கழுவுகிற கை நின்றது. தண்ணீர் மட்டும் குழாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"செருப்பப் பார்த்தேன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்மா." மகள் குழாயை மூடினாள். "மேடம் சொன்னாங்கன்னு நீ சொன்னதும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரெண்டு வருஷமா நான் குடுத்த தாளையெல்லாம் வாசல்ல சிரிச்சுட்டு வாங்கி, உள்ள போய்க் குப்பையில போட்டிருக்காங்கன்னு. பக்கெட்டம்மா பொண்ணாச்சே, பாவம்னு ஒரு டப்பாவக் குடுத்து விளையாட விட்டிருக்காங்கன்னு. அஞ்சு நாளா அதைத்தான் நெனச்சுட்டு இருக்கேன்."

இந்த வலியைப் பக்கெட்டம்மா கனவிலும் எண்ணிப் பார்க்கவில்லை.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அலமாரிக்கு அடியிலிருந்து ஃபார்மை எடுத்தாள். அதோடு இன்னொரு தாளும் வந்தது. சின்னச் சின்ன எழுத்தில் இரண்டு பத்தி: ஒரு பக்கம் மாதத் தவணை, மறு பக்கம் முதல் வருடம் கிடைக்கக்கூடிய சம்பளம், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம். பழைய மாணவர் சிலரிடம் கேட்டு எழுதியது. கீழே கோடு போட்டு எழுதியிருந்தாள்: மூன்று வருடம் இழுக்கும். நான்காவதில் வேலை மாறவில்லை என்றால் ஆசிரியர் பயிற்சி.

"எனக்கும் பயம் இருக்குமா. நான் கண்ண மூடிட்டு ஆசைப்படல. இது ரெண்டு மாசமா இங்கதான் இருக்கு. நீ கேப்பேன்னு பார்த்தேன்."

சேற்று ஷூக்காரன் சொன்னதும் அந்தத் தாள் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் வந்து நின்ற கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் இல்லாத புத்தி இது எங்கேருந்து வந்துது?" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, மெதுவாக, "பங்ச்சர் ஆன டயர வெச்சுட்டு வண்டி ஓட்டாத. நாளைக்குப் போய் அந்த மேடம்கிட்ட நீயே சொல்லிடு" என்றார்.

"ஆமா" என்றாள் மகளும். "மொதல்ல அதைச் சொல்லு. அப்புறம் கையெழுத்து. அவங்ககிட்ட நீ சொல்லலன்னா எனக்கு இந்தப் படிப்பு வேணாம்."

வெள்ளிக்கிழமை காலை மகளும் கூட வந்தாள். மேப் ரூம் வாசலில் அவளை நிற்க வைத்துவிட்டு பக்கெட்டம்மா உள்ளே போனாள். கையில் பக்கெட் இல்லை. மேடம் தரைப் படத்தில் எங்கோ வட கடலோரம் நின்று சுவரில் ஒரு படத்தை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் நடுவில் நின்றபடியே, தரையைப் பார்த்துச் சொன்னாள். மகளிடம் சொன்னதை, புதன்கிழமை சொன்னதை, எல்லாவற்றையும். கால் கட்டைவிரல் தானாக ஒரு நதியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னேன்னா?"

"ஆமா மேடம்."

"அஞ்சு நாளா அவ என்னை அப்படியா நெனச்சுட்டு இருந்தா?"

"ஆமா மேடம்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னைக் கேட்டிருந்தா நானும் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன். கடன் வாங்கிப் படின்னு நான் எல்லாப் பிள்ளைக்கும் சொல்றதில்ல" என்றார். "எனக்கு வருத்தமா இருக்கும்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன்." பிறகு, "அவளை வரச் சொல்லுங்க" என்றார்.

பக்கெட்டம்மா வெளியே வந்தாள். மகள் உள்ளே போனாள். வாசலில் மகளின் செருப்பு கிடந்தது. பழக்க தோஷத்தில் வரிசைப்படுத்தக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது செருப்பின் வார் இரண்டு இடத்தில் அறுந்து, நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. பக்கெட்டம்மாவின் வேலைச் சேலை கிழிந்தபோது வாங்கி வைத்த அதே நீல நூல். எப்போது அறுந்தது? எத்தனை நாளாக இதைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள்? ஊரார் செருப்பையெல்லாம் திருப்பிப் பார்த்த கண்ணுக்கு வீட்டு வாசலில் கிடந்தது தெரியவில்லை. அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, இரண்டையும் சேர்த்து, சுவரோரமாக வைத்தாள்.

உள்ளே, மகள் கொண்டுவந்த மழைக் கணக்குத் தாளை மேடம் விரித்திருந்தார். ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து கட்டம் காலி. "அடுத்த வீட்டுல கேட்டு எழுதலாமா மேடம்?" என்று மகள் கேட்பது கேட்டது.

"கூடாது. அளக்காதது அளக்காததுதான். காரணம் மட்டும் எழுது."

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குறிப்பு என்ற இடத்தில் எழுதினாள்: டப்பா சமையலறையில் இருந்தது. மேடம் படித்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

இரண்டே முக்காலுக்கு அலுவலக ஜன்னலில் நின்றார்கள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. அதில் டீக்கடைக்காரரும் தன் மகனுக்காக நின்றிருந்தார்.

"என்ன படிப்பு?" என்றார் ஜன்னலில் இருந்தவர்.

"பூகோளம்."

"கேக்கல, சத்தமா சொல்லுங்க."

பக்கெட்டம்மாவுக்குக் காது மடல் சூடானது. டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பூகோளம் சார்" என்றாள் மறுபடியும். "எம் பொண்ணு பூகோளம் படிக்கறா."

"தொகைய ஒரு தடவ படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

அவள் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தாள். இரண்டரை வருடம். பயம் அப்படியேதான் இருந்தது. மகள் பென்சிலால் போட்ட பெருக்கல் குறி நாலு மடிப்புக்கு நடுவில் லேசாக அழிந்திருந்தது. பெற்றவர்கள் வைத்த அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். கடைசி எழுத்தை முடிக்கும்போது ஒரு சொட்டு ஃபார்மில் விழுந்து மை பரவியது.

"என்னம்மா இது, ஃபார்ம்ல தண்ணிய விட்டுட்டீங்க!" என்றார் அவர்.

அவள் பதறிப்போய்த் தலைப்பை எடுத்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து, கண்ணை அந்தச் சொட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

"அளக்கற அளவுக்கு இல்ல சார்" என்றாள்.

ஆறு நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. பக்கெட்டம்மாவுக்குச் சிரிக்க வாய் வரவில்லை. வெட்கம் இன்னும் கழுத்து வரை நின்றது. மகள் பிடித்திருந்த கையை மட்டும் விடாமல், ஒதுங்கி அடுத்தவருக்கு வழி விட்டாள்.